பல் மருத்துவத் தந்தை பியேர் போஷார்

நம் கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதியிற் புலவர், புரவலர், போர் வேந்தர் முதலியோர் வாழ்க்கை வரலாறுகள் வெளிவருதல் வழக்கம். பல்லைப் பிடுங்கியும், பல்லைத் துலக்கியும், பல்லில்லார்க்குப் பல் கட்டியும் வாழ்ந்த ஒருவரது வரலாற்றை யாம் எழுதப் புகுவதைக் கேட்ட நண்பர் சிலர் நகைத்தனர். அவர்கட்கு இதுகாறும் பல்வலி வந்ததில்லை போலும்!

யாம் இவ்வரலாற்றை நாட நேர்ந்ததும் ஒரு பல்வலியினாலேதான். சென்ற ஆண்டுத் தேர்விற்குச் சின்னாள் முன்னர் எம் விடுதித் தோழர் ஒருவர் காலையிற் பல் துலக்குந்தோறும் உமிழ்நீரிற் குருதி படர்வதைக் கண்டு அஞ்சினார். ஈறு வீங்கியிருந்தது; கீழ்வரிசைப் பல்லொன்று விரலால் தொட அசைந்தது. பல் மருத்துவர் அவரைச் சோதித்து, ஈறு பல்லினின்றும் பிரிந்து பைபோல் தொங்குகின்றது என்றும், லேசர் என்னும் ஒளிக்கதிரால் அதனைச் செம்மை செய்யலாம் என்றும் கூறினார். ஒளியாற் சுடுவது என்ற சொல்லைக் கேட்டவளவில் தோழருக்கு இரவு உறக்கம் போயிற்று. அவருக்குத் துணையாகச் சென்று, மருத்துவர் இல்லத்தின் முன்னறையிற் காத்திருந்த நாட்களில், ஈற்றுநோயை முதன்முதல் தெளிவாக எழுதி வைத்தவர் யாவர் என்று ஆராயத் தொடங்கினோம். அவ்வாராய்ச்சியே எம்மைப் பியேர் போஷார் என்னும் பிரெஞ்சுப் பெரியாரிடம் கொண்டு சேர்த்தது.

போஷார் 1678ஆம் ஆண்டிற் பிரெஞ்சு நாட்டின் மேற்றிசைப் பகுதியிற் பிறந்தார் என்பர். பதினான்காம் லூயி மன்னன் அரியணையில் அமர்ந்திருந்த காலம் அது. அவரது இளமையைப் பற்றி மிகுதியாக ஒன்றும் எழுதுவதற்கில்லை. செல்வக் குடியிற் பிறந்தவரல்லர். பதினைந்தாம் வயதில், அஃதாவது 1693ஆம் ஆண்டில், அரசரது கடற்படையிற் சேர்ந்தார். ஆண்டுக் கப்பல் மருத்துவராக விளங்கிய போத்தெலெரே என்பார்க்கு மாணவராயினார். அம்மருத்துவர் வாய்நோய்களிலே தனிப்பழக்கம் உடையவர். இத்தகைய ஆசிரியர் வாய்த்தமை போஷாரின் நற்பேறு.

அக்காலத்துக் கப்பல் வாழ்க்கையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். திங்கள் பல கரை காணாது செல்லும் மாலுமிகள் உப்பிட்ட ஊனும் உலர்ந்த ரொட்டியுமே உண்டு வாழ்ந்தனர். காயும் கனியும் இல்லாமையால் ஸ்கர்வி என்னும் நோய் அவரைப் பற்றும். ஈறு கருநீலமாய் வீங்கிக் குருதி ஒழுகும், நாற்றம் அண்டவொட்டாது, பற்கள் ஒன்றன்பின் ஒன்றாய் உதிரும், இறுதியில் உயிரும் போகும். எலுமிச்சையும் நாரத்தை இனக் கனிகளும் இந்நோயைத் தீர்க்கும் என்று ஜேம்ஸ் லிண்டு என்னும் பிரிட்டனின் கடற்படை மருத்துவர் சோதித்துக் கண்டது 1747ஆம் ஆண்டிலாம். போஷார் கப்பலேறியதோ அதற்கு அரை நூற்றாண்டிற்கு முன்னர். நம் வயதினும் இளைய பிள்ளை ஒருவன், நாள்தோறும் அழுகிய ஈறுகளைக் கழுவிக்கொண்டு நின்ற காட்சியை நினைக்குந்தோறும் எமக்கு வியப்பே மிகுகின்றது. பிறர் முகஞ்சுளித்து விலகும் இடத்தில் அவர் கூர்ந்து நோக்கக் கற்றார்.

மூன்றாண்டளவிற் கடற்படையை விட்டு நீங்கி, ஆஞ்சே என்னும் நகரில் தங்கித் தொழில் நடத்தினார். பின்னர் நாந்து, ரென், தூர் முதலிய ஊர்கட்கும் சென்று வந்தார். இக்காலத்திற்றான் அவர் தம் கருவிகளைத் தாமே அமைத்துக்கொள்ளத் தலைப்பட்டார். கடிகாரம் செய்வோர், பொற்கொல்லர், நாவிதர் ஆகியோர் பட்டறைகளிற் கண்ட சிறு கருவிகளை வாய்க்குப் பொருந்துமாறு மாற்றிக்கொண்டார். வில்லின் நாணைச் சுற்றி இழுக்கச் சுழலும் துளைக்கருவி அவற்றுள் ஒன்று. நம் ஊர்த் தச்சர் கையில் உள்ள துரப்பணத்தை ஒரு முழத்தினும் சிறிதாக்கி எண்ணிக்கொள்க.

அற்றை நாளிற் பல் தொழில் எந்நிலையில் இருந்தது என்பதனை அறிந்தாலன்றி இவர் செய்த தொண்டின் அருமை விளங்காது. கற்ற மருத்துவர் பல்லைத் தொடுவதை இழிவாக எண்ணினர். அறுவை மருத்துவரும் அதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. ஆகவே பல்வலி கொண்டோர் சந்தையிலும் தெருமுனையிலும் நின்ற பல் பிடுங்குவோரிடமே செல்ல வேண்டியிருந்தது. பாரிஸ் நகரிற் சேன் ஆற்றின் மேல் அமைந்த போன் நெஃப் என்னும் பாலத்திற் பெருந்தோமா என்று பெயர் பெற்ற ஒருவர் பேருருவும் பேரொலியும் கொண்டு, விந்தை உடையணிந்து, கூட்டங் கூட்டிப் பல் பிடுங்கினார். 1729ஆம் ஆண்டில் அரசருக்கு மைந்தன் பிறந்த மகிழ்ச்சியில் இலவசமாகவே பல் பிடுங்குவதாக அறிவித்தார் என்றால் அவரது செல்வாக்கினை ஓர்ந்துகொள்ளலாம். இத்தகையோருட் சிலர் செய்த சூழ்ச்சி ஒன்றனைப் போஷார் தம் நூலில் வெளிப்படுத்தினார். கூட்டத்தில் தம் ஆள் ஒருவனை முன்னரே நிறுத்திவைப்பர். மெல்லிய தோற்பையில் விலங்கின் குருதியை நிரப்பிப் பிடுங்கிய பழைய பல்லொன்றை அதனுள் வைத்துத் தம் கையில் மறைத்துக்கொள்வர். அவன் வாயைத் திறந்ததும் பையை உள்ளே நழுவவிடுவர். அவன் கடித்துக் குருதியோடு பல்லையும் துப்பி, வலியே இல்லை என்பான். அதைக் கண்டு மயங்கி மெய்யான நோயாளி முன்வருவான். அவன் கதியை யாம் எழுத வேண்டுவதில்லை.

1719ஆம் ஆண்டளவிற் போஷார் பாரிஸ் நகரில் வந்து நிலையாகத் தங்கினார். அவரது புகழ் விரைவிற் பரவிற்று. செல்வர் பலர் அவரை நாடினர். ஆயினும் அவர் மனம் அமைதியுறவில்லை. தம் தொழிலுக்கு நூல் இல்லை என்பதே அவர் கவலை. ஒவ்வொருவரும் தாம் கண்டறிந்ததைத் தம் மைந்தனுக்கோ மருகனுக்கோ காதோடு சொல்லிவிட்டு இறந்தனர். சொல்லாமலே இறந்தாரும் பலர். 1699ஆம் ஆண்டின் அரசாணை பல் தொழிலரைத் தேர்விற்கு உட்படுத்தியது உண்மையே. ஆயின் தேர்வு நடத்தியோர் அறுவை மருத்துவர். அவருட் பல்லின் நோயைத் தொழிலாகக் கொண்டார் இலர். இக்குறையையும் போஷார் எடுத்துக்காட்டத் தவறவில்லை.

1723ஆம் ஆண்டளவில் அவர் தம் நூலை எழுதி முடித்தார். உடனே அச்சிற்குக் கொடுத்தாரல்லர். ஐந்தாண்டுகள் வைத்திருந்து, மருத்துவரும் அறுவையாளரும் ஆகிய அறிஞர் பலரிடம் காட்டித் திருத்திக்கொண்டார். 1728ஆம் ஆண்டில் அந்நூல் இரண்டு பாகங்களாக, எண்ணூறு பக்கங்கட்குச் சற்றுக் குறைவாக, கருவிகளின் படங்களோடு வெளிவந்தது. அதன் பெயர் அறுவைப் பல் மருத்துவர் எனப் பொருள்படும். அப்பெயரையே அவர் தமக்கும் தம் தொழிலர்க்கும் பட்டமாக வழங்கினார். ஐந்தாண்டுகளில் அது ஜெர்மன் மொழியிற் பெயர்க்கப்பட்டது.

இவ்வெளியீட்டிலே ஓர் இடர் இருந்தது. தம் பிழைப்பிற்கு வேராகிய நுணுக்கங்களை எல்லாம் ஒருவர் அச்சிட்டு விற்றால், நாளைக்கு அடுத்த தெருவிற் கடை வைப்பவன் அவருக்கே போட்டியாவான் அன்றோ? பொய்ப்பற்களை எஃகு வில்களால் மேல்வாயில் நிறுத்தும் வகை, கோணிய பற்களை மெல்லிய தகட்டில் நூலாற் கட்டி நேராக்கும் வகை, அண்ணத்தில் உண்டான துளையை அடைக்கும் கருவிகள், சொத்தையைச் சுரண்டி ஈயத்தாலோ வெள்ளீயத்தாலோ பொன்னாலோ நிரப்பும் முறை இவை யாவற்றையும் அவர் ஒளிக்காது எழுதினார். எம் கருத்தில், இவர் கண்டுபிடித்தவை பலவற்றினும் இவர் மறையாது விட்டமையே பெரிது. கண்டுபிடித்தோர் முன்னரும் இருந்திருப்பர். அவர் பெயரும் தொழிலும் அவரோடே மண்ணிற் புதைந்தன.

பற்சொத்தை பற்றி அவர் கூறியது நம் நாட்டார்க்கும் உரியது. சொத்தையைப் புழு அரிக்கின்றது என்னும் நம்பிக்கை ஐரோப்பாவிலும் ஆயிரம் ஆண்டுகட்கு மேலாக வேரூன்றியிருந்தது. நம் சிற்றூர்களிற் கண்டங்கத்திரி விதையை நெருப்பிலிட்டுப் புகையை வாயிற் பிடித்துப் புழு விழுந்தது என்று காட்டும் முதியோரை யாமும் கண்டிருக்கின்றோம். எம் பாட்டியாரே அதில் வல்லவர். ஐரோப்பியரும் ஒருவகை நச்சுச் செடியின் விதையை அவ்வாறே புகைத்தனர். போஷார் நுண்ணோக்காடி கொண்டு நோக்கியும் அப்புழுவைக் காணவில்லை. ஆதலின் அதனை ஏற்க மறுத்தார். இனிப்புப் பண்டமே பல்லுக்குப் பகை என்றார். நோயாளியைத் தரையில் அமர்த்தித் தலையைத் தம் முழங்கால்கட்கு இடையில் இடுக்கிக்கொள்ளும் பழைய வழக்கத்தைக் கண்டித்து, உறுதியான சாய்வு நாற்காலியில் அமர்த்துக என்றார்.

அவர் சொன்ன யாவும் இன்று ஏற்புடையன அல்ல. பல்வலிக்கு அவரவர் சிறுநீரையே காலையும் மாலையும் வாயிற் கொண்டு கொப்பளிக்குமாறு அவர் அறிவுரை கூறினார். இதனை எம் தோழரிடம் சொன்னபோது, லேசரே நன்று என்று அவர் அன்றே இசைந்துவிட்டார்.

இனி ஈற்றுநோய்க்கு வருவோம். 1746ஆம் ஆண்டில் நூலின் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. அப்பொழுது அவருக்கு வயது அறுபத்தெட்டு. இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளிற் கண்டவற்றைச் சேர்த்து, ஈறு, பல், பல்லைத் தாங்கும் எலும்புக்குழி ஆகியவற்றைத் தாக்கும் தனிநோய் ஒன்றனை அதில் விளக்கினார். கப்பலிற் கண்ட ஸ்கர்வியை ஒத்தது, ஆயினும் அதுவன்று. உடல் நலமாக உள்ளாரையும் இது பற்றுகின்றது. ஈற்றை விரலால் அழுத்தினாற் சீழ் வெளிப்படுகின்றது. பல் நாளடைவில் தளர்ந்து, சொத்தை சிறிதும் இன்றியே வீழ்ந்துவிடுகின்றது என்று வேறுபடுத்திக் காட்டினார். இளமையிற் கடலிற் கண்ட காட்சி முதுமையில் இவ்வேறுபாட்டை உணர்த்தியது போலும். பல்லின் மேற்படியும் காரையே பல கேட்டிற்கும் காரணம் எனக் கருதி, அதனைச் சுரண்டுதற்குரிய கருவிகளையும் அவர் விளக்கினார். கிளிமூக்குப் போன்றது ஒன்று, முதுகு வளைந்த சிறு கத்தி ஒன்று, இருமுறை மடிந்த கொக்கி ஒன்று எனப் பலவகை. தளர்ந்த பற்களைப் பொன்னிழையால் அண்டைப் பல்லோடு பிணைத்தார்.

இவை யாவும் உணர்வு மரத்துப்போகச் செய்யும் மருந்து இல்லாத காலத்தில் நிகழ்ந்தன என்பதை நேயர்கள் மறவாதிருப்பாராக. வலியறியாது பல் பிடுங்கும் நாள் வருதற்கு 1844 டிசம்பர் 11ஆம் நாள்வரை உலகம் காத்திருந்தது. அன்று அமெரிக்காவின் ஹார்ட்போர்டு நகரில் ஹொரேஸ் வெல்ஸ் என்னும் பல் மருத்துவர் நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவைத் தாமே உட்கொண்டு அமர, ஜான் ரிக்ஸ் என்பார் அவரது பல்லைப் பிடுங்கினார். அந்த ரிக்ஸே பின்னர் ஈற்றுநோய்க்கு மருத்துவராய்ப் புகழ் பெற்று, ஈற்றை வெட்டி எறியாது அதன் அடியிலுள்ள காரையைச் சுரண்டி அகற்றுவதே தக்கது என்று வற்புறுத்தினார். அந்நோய் நெடுங்காலம் அமெரிக்காவில் அவர் பெயராலேயே வழங்கிற்று.

போஷாரின் நாற்காலிக்கும் எம் தோழர் அமர்ந்த நாற்காலிக்கும் இடையே எத்துணைத் தொலைவு! முதலில் மருத்துவர் மில்லிமீட்டர் கோடிட்ட மெல்லிய கம்பியை ஈற்றிற்கும் பல்லிற்கும் இடையே செலுத்தி ஆழத்தை அளந்தார். மூன்று மில்லிமீட்டர் வரையிலும் இயல்பு; அதற்கு மேற்பட்டது நோய்ப்பை. தோழருக்கு ஓரிடத்தில் ஆறு இருந்தது. மரத்துப்போகும் ஊசியிட்ட பின், இருவர் கண்ணிற்கும் காப்பாடி அணிந்து, மயிரிழைகள் சிலவற்றின் பருமனே உள்ள கண்ணாடி நார் ஒன்றைப் பையினுள் நுழைத்தார். அந்நார் வழியாகச் செல்லும் ஒளி நோயுற்ற உட்தோலையும் அங்குள்ள நுண்ணுயிர்களையும் அழிக்கும் என்றார். பின்னர் நுண்ணதிர்வுக் கருவியால் வேரின்மேற் படிந்த காரை அகற்றப்பட்டது. மீண்டும் ஒருமுறை ஒளி செலுத்தி, ஊறிய குருதியை உறையவைத்தார். அவ்வுறைவே பையின் வாயை மூடும் பூட்டு. தையல் இல்லை. வாயின் ஒருபாதி அன்றும் மறுபாதி அடுத்த வாரமுமாக முடிந்தது.

அதன் பின்னரே பொறுமை வேண்டப்பட்டது. முதல் நாள் உமிழ்நீர் சிறிது செந்நிறமாய் இருந்தது, ஊசியின் ஆற்றல் நீங்கியதும் மந்தமான வலி, வீக்கம் சிறிதே. கஞ்சியும் மோரும் முதலில், பின்னர்க் குழைந்த சோறும் இட்டலியுமாகப் பத்து நாள் சென்றன. விடுதியில் முறுக்கு வழங்கிய மாலையில் அவர் முகத்தைப் பார்க்க எமக்கே இரக்கமாயிற்று. மருத்துவம் செய்த இடத்தில் துலக்குமயிர் படலாகாது. மருத்துவர் தந்த நீரால் மெல்லக் கொப்பளித்தல் மட்டுமே. குளிர்ந்த நீர் பட்டாற் பல் கூசுவது சில வாரம் நீடித்தது. புகைபிடிப்பார்க்கும் நீரிழிவு உடையார்க்கும் ஆறுதல் தாமதமாகும் என்று மருத்துவர் எச்சரித்தார். உறைந்த பூட்டைக் கலைக்கலாகாது என்பதனால் திங்கள் பல கழியுமுன் கம்பியால் மீண்டும் அளத்தலும் கூடாது. அதனால் தோழர் நலமுற்றாரோ இலரோ என்பதை நெடுநாள் எவரும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. அக்காத்திருப்பே அவருக்கு மருத்துவத்தினும் கடிதாயிருந்தது.

லேசர் ஒளியை முதன்முதல் உண்டாக்கிக் காட்டியவர் தியோடோர் மைமன், ஆண்டு 1960. ஈற்றுப்பைக்கு இவ்வகை மருத்துவம் ஒன்றற்கு அமெரிக்க அரசின் மருந்து ஆட்சித்துறை இசைவு அளித்தது 2004ஆம் ஆண்டிலாம். ஆயினும் கையாற் காரை சுரண்டும் பழைய முறையினும் இது மிக மேம்பட்டது என்று கூறுதற்கு வலுவான சான்று இன்னும் குறைவே என்று ஈற்றுநோய் அறிஞர் கருதுகின்றனர். வெட்டும் தையலும் இன்மையால் வலி குறைவு என்பதே நோயாளிக்குத் தெளிவாகத் தெரியும் நன்மை. கட்டணமோ மிகுதி. ஒளி எத்துணை நுண்ணியதாயினும் காரையைச் சுரண்டாது விடுதல் ஆகாது. போஷாரின் கிளிமூக்குக் கருவியின் வழித்தோன்றல்கள் இன்றும் மருத்துவர் தட்டிற் கிடந்து மின்னுவதை எம் கண்ணாற் கண்டோம்.

போஷார் தம் தொழிலாற் பொருளும் ஈட்டினார். 1734ஆம் ஆண்டிற் பாரிஸுக்கு அணித்தாகக் கிரான்மெனில் என்னும் மாளிகையை விலைக்குக் கொண்டார். அவர் மைந்தர் தந்தையின் தொழிலைக் கொள்ளவில்லை. வழக்கறிஞராகி, பின்னர் அம்மாளிகையின் பெயரையே மேடைப் பெயராகப் பூண்டு பாரிஸிற் சிறந்த நகைச்சுவை நடிகராய் விளங்கினார். பாலத்தின் மேற் கூத்தாடிப் பல் பிடுங்கியோரை வாழ்நாள் முழுதும் எதிர்த்தவர்க்கு மகன் கூத்தரானது ஒரு விந்தையே.

1761ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் போஷார் பாரிஸ் நகரிற் காலமானார். அவர் விரும்பிய பல் மருத்துவக் கல்லூரியை உலகம் முதன்முதற் கண்டது 1840ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில். அவரது நூல் ஆங்கிலம் கற்றார் கைக்கு எட்ட அதனினும் நெடுங்காலம் சென்றது. இங்கிலாந்திற் பெண் என்ற காரணத்தாற் கல்லூரி வாயிலிலேயே தடுக்கப்பட்டு, ஸ்காத்லாந்து சென்று பயின்று, 1895ஆம் ஆண்டிற் பிரிட்டனின் முதற் பெண் பல் மருத்துவராகத் தகுதி பெற்ற லிலியன் லிண்சே அம்மையார் அதனை மொழிபெயர்த்தார். போஷாரின் இரண்டாம் பதிப்பு வெளிவந்து சரியாக இருநூறு ஆண்டுகள் நிறைந்த 1946ஆம் ஆண்டில் அம்மொழிபெயர்ப்பு அச்சேறியது.